நூல் கோக்கும்போது ஊசிக்காது மங்குகிறது: கண் கிட்டத்தில் எப்படிக் குவிகிறது?

கேள்வி: ரவிக்கைத் தையல் (சுங்கை சிப்புட்)

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு 46 வயது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த காலத்திலேயே தையல் பழகியவள். அப்போதெல்லாம் மங்கலான ஒற்றைப் பல்பின் கீழே உட்கார்ந்து ஒரே மூச்சில் பன்னிரண்டு கொக்கிகள் தைத்துவிட்டுத்தான் எழுவேன்.

மூன்று மாதங்களாக ஒரு தொல்லை. ஊசியை வழக்கம்போல் முகத்தருகே கொண்டுவந்தால் அதன் காது கலங்கித் தெரிகிறது. கையை நீட்டினால் தெளிகிறது. ஆனால் அவ்வளவு தள்ளிப் பிடித்தால் சிறுத்துப்போய், நூல் நுனி உள்ளே போனதா பக்கத்தில் போனதா என்று தெரிவதில்லை. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தொல்லை பாதியாகக் குறைகிறது. இரவில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் மறுநாளைக்கு எடுத்து வைத்துவிடுகிறேன். இரண்டு மணி நேரம் தொடர்ந்து தைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிர்வீட்டுக் கதவு எண் சில விநாடிகள் புகைபோலத் தெரிந்து, பிறகுதான் தெளிகிறது. இரவுச் சந்தையில் 10 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய +2.50 எண் கொண்ட வாசிப்புக் கண்ணாடியைப் போட்டால் ஊசிக்காது தெரிகிறது, ஆனால் தையல் இயந்திரத்தின் மறுபுறம் தொங்கும் துணி தெரிவதில்லை, தலையும் வலிக்கிறது.

இதைவிட வியப்பான செய்தி என் தாயாருடையது. அவருக்கு 69 வயது. பல ஆண்டுகளாக வாசிப்புக் கண்ணாடி இல்லாமல் எதையும் படித்தவரல்லர். தீபாவளிக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நாள்காட்டியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் இராகு காலத்தை வெறுங்கண்ணால் படிக்கிறார். "எனக்குக் கண் திரும்பிவிட்டது, உனக்குத்தான் வெள்ளெழுத்து வந்துவிட்டது" என்று கேலி வேறு. கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் என்னதான் நடக்கிறது? தாயாருக்குத் திரும்பி வந்தது எனக்கு ஏன் போகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: கீரைப்பாத்தி

அக்கா, கண்ணாடியை மட்டும் பழக்கப்படுத்திக்கொள்ளாதீர்கள். ஒருமுறை போட்டால் கண் சோம்பேறியாகி, ஆண்டுக்கு ஆண்டு எண் ஏறிக்கொண்டே போகும். பொன்னாங்கண்ணிக் கீரையை வாரம் மூன்று நாள் சேருங்கள். காலையில் கட்டைவிரலை மூக்குக்கு நேரே கொண்டுவந்து, பிறகு நீட்டி, மாறிமாறி ஐம்பது முறை பாருங்கள். தசைக்குப் பயிற்சி கொடுத்தால் அது பழைய வலுவைப் பெறாமல் எங்கே போகும்? உங்கள் தாயாரே அதற்குச் சான்று.

பதில் 2: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்

சகோதரிக்கு வணக்கம். பொன்னாங்கண்ணியை நானும் விரும்பி உண்பவன்தான். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வெள்ளெழுத்து, அதாவது வயதாகும்போது கிட்டத்தில் பார்வை மங்குவது, ஊட்டக் குறைவால் வருவதன்று. தசையின் சோம்பலால் வருவதும் அன்று. அது ஏன் என்று புரிய, கிட்டப்பொருளைக் கண் எப்படிப் பிடிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் பெரும்பங்கு முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழிப் படலத்துக்கே (கார்னியா) உரியது. கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறனின் அலகு) என்றால், அதில் 40-க்கும் மேல் அந்தப் படலமே தருகிறது. ஆனால் அது மாறாத திறன். மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளே இருக்கும் லென்சுக்கு மட்டுமே உண்டு. நீங்கள் பூவேலை செய்யும் வளையத்தை எண்ணிப் பாருங்கள். அதன் நடுவே மென்மையான ஒரு சிறு ரப்பர் பந்தை வைத்து, பந்தின் விளிம்பைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான நூல்களால் வளையத்தோடு கட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நூல்கள் விறைப்பாக இருக்கும்வரை பந்து நாலாபுறமும் இழுபட்டுத் தட்டையாக இருக்கும். வளையம் சற்றே சுருங்கினால் நூல்கள் தளரும். பந்து தன் இயல்பான உருண்டை வடிவத்துக்குத் திரும்பும். அந்த வளையம்தான் சிலியரி தசை, பந்துதான் லென்சு. தூரத்தைப் பார்க்கும்போது தசை ஓய்ந்திருக்கிறது, லென்சு இழுபட்டிருக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது தசை உழைக்கிறது, லென்சு தளர்ந்து உப்புகிறது. பலரும் இதைத் தலைகீழாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தசை நேராக லென்சைப் பிடித்து அழுத்துகிறது என்று தேர்வுத் தாளில் எழுதிய மாணவர்கள் எனக்கு ஏராளம்.

இந்த மாற்றத்தை நீங்களே பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஊசியைச் சன்னலுக்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். ஊசியைப் பார்த்தால் சன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் கலங்கும். மரத்தைப் பார்த்தால் ஊசி கலங்கும். இரண்டையும் ஒரே வேளையில் தெளிவாகப் பார்க்க யாராலும் முடியாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். இரண்டு மணி நேரம் ஊசியிலேயே பதிந்திருந்த தசை உடனே பிடியை விடுவதில்லை. எதிர்வீட்டு எண் புகைபோலத் தெரிவது அதனால்தான்.

இந்த உண்மையைக் கண்டறிய அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அலைந்திருக்கிறார்கள். லென்சு முன்னும் பின்னும் நகர்கிறது என்று வானியலாளர் கெப்ளர் 1611-இல் கருதினார்; அதன் வடிவம் மாறலாம் என்று பிரெஞ்சு மெய்யியலாளர் தேக்கார்த் ஊகித்தார். தாமஸ் யங் என்ற ஆங்கிலேயர் 1801-இல் வெளியிட்ட சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் தம் கண்ணின் மேல் தண்ணீர் நிறைந்த சிறு குழாயைப் பொருத்திக்கொண்டார். தண்ணீர் பட்டதும் கருவிழிப் படலத்தின் திறன் பெரும்பாலும் அற்றுப்போகும். அப்படியிருந்தும், ஈடாக ஒரு கண்ணாடி வில்லையை முன்னால் வைத்தபோது, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் கண்ணை மாற்றிக்கொள்ள அவரால் முடிந்தது. ஆகவே மாறுவது படலம் அன்று, லென்சே என்ற முடிவுக்கு வந்தார். மேலே நான் சொன்ன தளரும் நூல் கணக்கை ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-இல் விளக்கினார்.

இனி உங்கள் வயதுக் கணக்கு. ஒரு பொருளின் தொலைவு எத்தனை மீட்டரோ, அந்த எண்ணால் 1-ஐ வகுத்தால் அதைத் தெளிவாகப் பார்க்கக் கண் கூடுதலாகத் தரவேண்டிய டயாப்டர் கிடைக்கும். 40 சென்டிமீட்டருக்கு 2.5, 25 சென்டிமீட்டருக்கு 4. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணால் 12 முதல் 14 வரை தரமுடியும். அதனால்தான் அவர்கள் கைப்பேசியை மூக்கில் ஒட்டவைத்தும் பார்க்கிறார்கள். 45 வயதையொட்டி அது 3 அல்லது 4 ஆகச் சுருங்கிவிடும். 60-இல் ஒன்று மிஞ்சினால் உண்டு. கையிருப்பு முழுவதையும் போட்டு நீண்ட நேரம் வேலை செய்ய எந்தக் கண்ணாலும் ஆகாது. பாதியளவுதான் சுகமாகச் செலவழிக்கலாம். உங்களிடம் 4 இருந்தால் 2 தான் செலவுக்கு; அது அரை மீட்டர் தொலைவுக்குத்தான் காணும். ஊசியோடு உங்கள் கை தானாக நீள்வது அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான்.

ஏன் குறைகிறது என்றால், லென்சு பிறந்த நாள் முதல் வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. பழைய செல்களை அது உதிர்ப்பதில்லை. புதியவை மேலே அடுக்கடுக்காகச் சேர, பழையவை நடுவில் நெருங்கி இறுகிப்போகின்றன. பல ஆண்டுகள் வெயிலில் கிடந்த ரப்பர் வளையம் எப்படியிருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தசையோ முதுமையிலும் நன்றாகவே சுருங்குகிறது என்பதைக் காட்டியிருக்கிறார்கள். வளையம் சுருங்குகிறது, நூல் தளர்கிறது, பந்து மட்டும் உப்புவதில்லை. கட்டைவிரல் பயிற்சி வளையத்துக்கு, குறை பந்தில். எண் ஏறுவதும் கண்ணாடி போட்டதால் அன்று. போடாமல் இருந்தாலும் அது ஏறத்தான் செய்யும்.

பழைய தமிழில் இதைச் சாளேசுவரம் என்றும் சொல்வதுண்டு. நாற்பதைக் குறிக்கும் வடநாட்டுச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பார்கள். உங்கள் தாயாரின் செய்தி மட்டும் எனக்குச் சற்று உறுத்துகிறது. 69 வயதில் லென்சு மீண்டும் மென்மையாவதற்கு வழியில்லை. கண் துறையில் இருப்பவர் யாராவது சொன்னால் நல்லது.

பதில் 3: பழைய பால்வெட்டுக்காரன்

தங்கைக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் வணக்கம். நான் படித்தவன் அல்லன். எழுதுவது என் பேரன், சொல்வது நான். 22 ஆண்டுகள் பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டியவன். பால் நன்றாக இறங்குவது குளிர்ந்த நேரத்தில் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே அவரவர் மர வரிசையான நிரையில் நுழைந்துவிடுவோம். பழைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து எறிந்துவிட்டு, முந்தைய வெட்டுக்கோட்டை ஒட்டிப் பட்டையை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கத்தி கொஞ்சம் அதிகமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாகவே வரும்.

எனக்கு 47 வயதானபோது மரங்களில் காயம் கூடியது. மண்டோர் (மேற்பார்வையாளர்) என் நிரையில் நடந்து, காயம் பட்ட ஒவ்வொரு மரத்திலும் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனார். கை நடுங்குகிறதா, குடிக்கிறாயா என்றார். கை நடுங்கவில்லை, நான் குடிப்பவனும் அல்லன். வெட்டுக்கோடு எனக்கு ஒரு நூலாகத் தெரியாமல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. விந்தை என்னவென்றால், ஏழு மணிக்கு மேல் வெளிச்சம் வந்த பிறகு நான் வெட்டிய மரங்களில் காயமே இல்லை. மரத்துக்கும் முகத்துக்கும் இருந்த தொலைவு ஒன்றுதான், கண்ணும் ஒன்றுதான்.

பிறகு பெக்கானில் (பக்கத்துச் சிறு நகரில்) இரட்டை வில்லைக் கண்ணாடி வாங்கினேன், மேலே தூரம், கீழே கிட்டம். அது இன்னொரு தொல்லை. தாழ்ந்த வெட்டுக்குச் சரி. உயர்ந்த வெட்டு முகத்துக்கு மேலே இருக்கும். கிட்டத்து வில்லையோ கண்ணாடியின் அடியில் இருக்கும். சேவல் கூவுவதுபோல் கழுத்தை அண்ணாந்துகொண்டு வெட்டினேன். நடக்கும்போது கீழே பார்த்தால் கான் (வடிகால்) எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருமுறை விழுந்து, பால் பிடிக்கும் மங்குகளைக் கொட்டிக் கவிழ்த்தேன். இருட்டில் தெரியாதது வெளிச்சத்தில் ஏன் தெரிந்தது என்பதற்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

பதில் 4: கண்ணாடிக் கடையில் வேலை (ஈப்போ)

அண்ணன் சொன்ன காயக் கணக்கு அக்காவின் கேள்விக்கும் பாதி விடை. நான் பதிவு பெற்ற கண் பரிசோதகர். இதைக் கடையில் தினமும் விளக்க வேண்டியிருக்கிறது.

கிட்டத்தில் பார்க்கும்போது கண் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்கிறது: லென்சு உப்புகிறது, இரு கண்களும் மூக்குப் பக்கமாகத் திரும்புகின்றன, ஒளி நுழையும் நடுத்துளையான கண்பாவை சுருங்குகிறது. மூன்றையும் நடத்துவது மூளையிலிருந்து வரும் ஒரே நரம்பு. இவற்றில் கண்பாவைக்கு வெளிச்சமும் ஓர் எசமானர். நல்ல வெயிலில் அது 2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிவிடும். இருட்டில் இளைஞர்களுக்கு 7 வரை விரியும், வயதானால் அவ்வளவு விரியாது. துளை சிறிதாக இருந்தால், குவியம் சற்றுப் பிசகினாலும் விழித்திரையில் விழும் கலங்கல் சிறிதாகவே இருக்கும். துளை விரிந்தால் அதே பிசகு பெரிய கலங்கலாகும். நெற்றி விளக்கு பட்டையில் ஒரு சிறு வட்டத்துக்கு மட்டும் ஒளி தருகிறது. சுற்றிலும் காடுபோல இருட்டு. அண்ணனின் கண்பாவை விரிந்தே இருந்திருக்கும். ஏழு மணி வெளிச்சத்தில் அது சுருங்கியது, வெட்டுக்கோடு மறுபடி நூலானது. அவர் லென்சின் திறன் அதிகாலையிலும் காலையிலும் ஒன்றுதான். அந்த மண்டோருக்கு இது தெரிந்திருந்தால் குடிக்கிறாயா என்று கேட்டிருக்க மாட்டார்.

இதைச் சோதிக்க ஒரு கெட்டியான அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, கண்ணுக்கு மிக அருகே வைத்து, அதன் வழியே பொடி எழுத்தைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்குக் கலங்கிய எழுத்து கறுப்பாகத் தெளியும். 2021-இல் அமெரிக்காவில் வெள்ளெழுத்துக்கென அனுமதி பெற்ற பிலோகார்பின் துளிமருந்தும் இந்த வேலையைத்தான் செய்கிறது, கண்பாவையைச் சுருக்குகிறது. லென்சை அது மென்மையாக்குவதில்லை. மங்கிய ஒளியில் பார்வையை இன்னும் இருட்டாக்கவும் கூடும்.

அண்ணனின் இரட்டை வில்லை, விற்றவரின் தவறு. என்ன வேலை, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தொலைவில் என்று கேட்காமல் கொடுத்திருக்கிறார். கிட்டத்து வேலை தலைக்கு மேலே இருப்பவர்களுக்கு, முழு வில்லையும் அந்த ஒரு தொலைவுக்கு அமைந்த தனிக் கண்ணாடிதான் வசதி. நடக்கும்போது கழற்றிவிட வேண்டும். கூரையில் மின்கம்பி இழுப்பவர்களுக்கும் இதே சிக்கல் வருவதுண்டு.

அக்கா, உங்கள் +2.50 கண்ணாடி உங்களுக்கு மிகை. தூரப் பார்வை சரியாக இருப்பவர் +2.50 அணிந்தால், 40 சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் கலங்கும். இயந்திரத்தின் மறுபுறத் துணி அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. சந்தைக் கண்ணாடியில் இரு வில்லைகளுக்கும் ஒரே எண்தான் இருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளும் உங்கள் கண்களுக்கு நேரே அமைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தலைவலிக்கு இவையே போதும்.

இனி உங்கள் தாயார். இதைத் தள்ளிப் போடாதீர்கள். அவருக்குத் திரும்பி வந்தது இளமைப் பார்வை அன்று. லென்சின் நடுப்பகுதி இறுகிப் பழுக்கும் வகைக் கண்புரையில், லென்சு முன்னைவிட அதிகமாக ஒளியை வளைக்கத் தொடங்கும்; கண் கிட்டப்பார்வைக் கண்ணாக மாறும். அப்போது கிட்டத்து எழுத்து கண்ணாடி இல்லாமலே தெரியும். அதற்கு விலையாகத் தூரம் மங்கும். வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்குத் தூரம் மங்கியது தெரியாது, நாள்காட்டி தெரிவது மட்டும் தெரியும். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று: அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) உண்டா? இரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் லென்சின் திறன் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் நிலைத்த பிறகே கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் அந்தக் கண்ணாடி அடுத்த மாதமே பொய்யாகிவிடும்.

கேள்வி கேட்டவர்: ரவிக்கைத் தையல்

எல்லோருக்கும் நன்றி. குண்டூசித் துளை வழியாக நூல் கண்டின் மேலிருக்கும் எண்ணைப் படித்துவிட்டேன். என் மகள் தானும் பார்த்துவிட்டு, துளை இல்லாமலே தெரிகிறதே, இதில் என்ன இருக்கிறது என்று போய்விட்டாள்.

தாயாரை வாசலில் நிறுத்தி, எதிரே இருக்கும் கோயில் பலகையைப் படிக்கச் சொன்னேன். "அது மாரியம்மன் கோயில் என்று எனக்குத் தெரியாதா, அதை எதற்குப் படிக்க வேண்டும்?" என்றார். கோயிலைத் தாண்டியிருக்கும் கடையின் பலகையைக் காட்டினேன். அது புதிதாகத் திறந்த கடை. பதில் வரவில்லை. இனிப்புநீருக்கு மாத்திரை எடுப்பவர்தான். தீபாவளிப் பலகாரத்துக்குப் பிறகு சர்க்கரையை அளக்கவே இல்லை என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். கிளினிக்கில் இரத்தம் எடுத்து, கண் பிரிவுக்குக் கடிதமும் வாங்கியாயிற்று.

அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு என் வேலையை நாடாவால் அளந்தேன். இயந்திர ஊசிக்கும் என் கண்ணுக்கும் 45 சென்டிமீட்டர். கையால் கொக்கி தைக்கும்போது 34. எந்த அளவுக்குக் கண்ணாடி செய்வது?

பதில் 5: கண்ணாடிக் கடையில் வேலை (ஈப்போ)

34-க்குச் செய்யுங்கள். அதற்குத் தேவை ஏறத்தாழ 3 டயாப்டர். அதில் பாதிக்கு மேல் உங்கள் கண்ணே தரும் என்பதால் +1.25 அளவில் ஒரு கண்ணாடி போதுமானதாக இருக்கலாம், பரிசோதித்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். +1.25 என்றால் 80 சென்டிமீட்டர் வரை கலங்காது. இயந்திரமும் மறுபுறத் துணியும் அதற்குள் அடங்கிவிடும். பரிசோதனைக்குப் போகும்போது அந்த இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் தைக்கும் கறுப்புத் துணியில் ஒரு துண்டும் கறுப்பு நூலும் ஊசியும் கைப்பையில் இருக்கட்டும். வெள்ளை அட்டையில் அச்சிட்ட எழுத்தை எல்லோரும் படித்துவிடுவார்கள்.

பதில் 6: பழைய பால்வெட்டுக்காரன்

மேசை விளக்கை இடப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், தங்கையே. வலது கையின் நிழல் ஊசியின் மேல் விழாது. மற்ற விளக்குகளையும் அணைத்துவிடாதீர்கள்.